ஒன்பது புளியங்கொட்டைகள்

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த மளிகைக் கடையில் என்னுடைய மூலதனம் எல்லாம் "அப்புறம்?" என்ற ஒரே சொல்தான். வாங்க வந்தவர் துவரம்பருப்பு ஒரு கிலோ என்பார். நான் சிட்டையில் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அப்புறம்?" என்பேன். நிமிராமல் கேட்பதில்தான் சூட்சுமம். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அதைத் தாம்தான் மறந்துவிட்டோம் என்று அவருக்கே தோன்றிவிடும். உடனே அலமாரியை அண்ணாந்து பார்ப்பார். அப்படி மேலே போன கண் வெறுமனே கீழே இறங்கியதை நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வாயால் பிழைக்கிறவன் என்ற திமிர் நிறையவே இருந்தது.

முதலாளி என்னையும் மிஞ்சியவர். சரக்கெடுக்கத் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள பெரிய கடைகளை நோட்டம் விட்டு வருவார். அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் எங்கள் கடையின் பின்பக்கம் போனது அப்படித்தான். தேவையானதை எங்கே வைத்தாலும் தேடி வந்து வாங்குவார்கள், முன்னால் இருக்க வேண்டியது தேவையில்லாததுதான் என்பது அவர் கட்சி. ஆகவே வாசலுக்கு சோப்பும் பவுடரும் பிஸ்கட்டும் வந்தன. காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினைத் தெருவைப் பார்க்கத் திருப்பி, எதிரே ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்கும் நேரம் பார்த்து ஓட்டச் சொன்னார். பிள்ளையோடு யாராவது வந்தால் முதலில் பிள்ளை கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாய். விலை கேட்டால் கிலோ விலை சொல்லக் கூடாது, நூறு கிராம் விலைதான் சொல்ல வேண்டும். எனக்கு இதிலெல்லாம் வெட்கமே இல்லை. எடையில் நாங்கள் கை வைத்ததில்லை, கலப்படம் கிடையாது. ஆசை காட்டுவோம், விழுவது அவரவர் பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியான வேளையில் அந்த அம்மா முதன்முதலாக வந்தார். நாற்பது வயதிருக்கும். அரியலூர் ரோட்டில் உள்ளடங்கிய ஒரு கிராமம். காட்டு வேலைக்குப் போகிறவர், வீட்டில் இரண்டு கறவை மாடுகள். சொசைட்டியில் பால் பணம் வாங்கியதும் மாதம் ஒரு தடவை டவுனுக்கு வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒன்பது புளியங்கொட்டைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். பருப்பு என்றார், ஒரு கொட்டையை எடுத்து இடது கையில் போட்டுக்கொண்டார். உளுந்து, இன்னொரு கொட்டை. மிளகாய், மல்லி, எண்ணெய் என்று போய் ஒன்பதாவதாக டீத்தூள். நான் தலை நிமிராமல் என் சொல்லை வீசினேன். பதில் வரவில்லை. மறுபடியும் வீசினேன். கடைசியில் நான்தான் நிமிர்ந்தேன். அவர் காலி மேசையைக் கையால் தடவிக் காட்டினார்.

"ஆயிடுச்சுங்க தம்பி."

"புது சோப்பு வந்திருக்கும்மா. வாசம் பாருங்க."

"வாசம் நல்லாத்தான் இருக்கும். அதுக்கு எங்கிட்ட கொட்ட இல்லிங்களே."

இப்படி ஒரு பதிலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு சோப்பு வாங்க அப்படி என்ன யோசனை என்று கேட்டேன். பையில் சாமானை அடுக்கிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்.

"எம் பொண்ணு எட்டாவது முடிச்சிட்டா. எங்கூருல அதுக்கு மேல பள்ளிக்கூடம் இல்ல. இங்க டவுன்ல ஒம்பதாவது சேத்திருக்கேன். சாமான் போக மிஞ்சுறதுதான் அவளுக்கு பஸ்ஸு காசு. பொட்டப்புள்ளைக்குப் படிச்சது போதுங்கறாரு அவங்கப்பா. பஸ்ஸுக்கு இல்லன்னு நாலு நாளு வூட்டுல நின்னான்னு வைங்க, அதையே சாக்கா வச்சு நிறுத்திப்புடுவாரு."

இதைக் கேட்ட பிறகாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மாதத்துக்கு ஒரு வித்தை செய்து பார்த்தேன். காப்பி மெஷினை ஓட்டினேன். "வயிறு முட்டத் தின்னுட்டுத்தான் பஸ் ஏறுனேன். பசியோட வந்தா கடையவே வாங்கணும்னு தோணுமே" என்றார். நூறு கிராம் விலை சொன்னால், "அது எனக்குப் புரியாதுங்க, கிலோ சொல்லுங்க" என்பார். மகள் படிக்கும் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவர் ஒரு நாளும் வந்ததில்லை. ஆரஞ்சு மிட்டாய்க்கு வழியே இல்லை. கொசுறாகப் பொட்டுக்கடலை கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். அதற்காக எதையும் கூடுதலாக வாங்கமாட்டார்.

முதலாளி இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். "ஏம்ப்பா, ஊரையே வித்துப்புடுவேன்னு பீத்திக்குவ. அந்தம்மாகிட்ட உம் பருப்பு வேகலியே" என்று ஒருநாள் நாலு பேர் முன்னால் சொன்னார். சுருக்கென்றது.

அந்தத் தை மாதம் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மேசைக்கு அருகிலேயே புளி மூட்டை. அதிலிருந்து கொட்டை ஒன்றைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் அளப்பதைப் பார்க்க அவர் திரும்பிய நேரத்தில், மேசையில் மீதியிருந்த கொட்டைகளோடு அதையும் சேர்த்து வைத்துவிட்டேன். டீத்தூள் வரை சொல்லி முடித்தார். மேசையில் ஒரு கொட்டை மிச்சம் கிடந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "அப்புறம்?" என்றேன்.

அவர் அந்தக் கொட்டையையே பார்த்தார். பிறகு, நான் பார்க்க முதல் தடவையாக, அவர் கண் அலமாரிக்குப் போனது. சோப்பா, சீப்பா, தேங்காயெண்ணெயா என்று நினைவூட்டுவதுபோல மெல்லக் கேட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அவசரப்படவே இல்லை. இடது கையை விரித்து, ஒவ்வொரு கொட்டையாக மறுபடியும் மேசையில் வைத்து, "இது பருப்பு, இது உளுந்து" என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதும் முடிந்தது. மிச்சமிருந்ததை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்தார்.

"இது என்னுது இல்லிங்க. என்னுது அத்தனையும் வருசக்கணக்கா முடிச்சுல கெடந்து வழவழன்னு ஆயிடுச்சு. இதுல இன்னும் புளி ஒட்டுது பாருங்க."

அதை என் சிட்டைமேல் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. எங்கள் கடை முழுக்க, முதலாளி மூளை, என் வாய், திருச்சியிலிருந்து கொண்டுவந்த தந்திரம் அத்தனையும் சேர்ந்து, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அந்த அம்மாவின் கட்டை விரல் முன்னால் நிற்க முடியவில்லை.

அடுத்த மாதம் அவர் வந்தபோது நானே ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"தெரியுங்க. கொட்ட என்ன, தானா நடந்தா வரும்?"

"தெரிஞ்சும் இதே கடைக்கு வரீங்களேம்மா."

"எடை சரியா இருக்கு தம்பி. ஆச காட்டுறது எந்தக் கடையிலதான் இல்ல? நீங்க உங்க வேலையப் பாத்தீங்க, நான் என் வேலையப் பாத்தேன்."

அதற்குப் பிறகு அவரிடம் நான் எந்த வித்தையும் காட்டவில்லை. அவர் வரும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் சாமான் சொல்வதைக் கேட்பதே கோயிலில் நிற்பது மாதிரி இருக்கும்.

மகள் பன்னிரண்டாவதுக்கு வந்த வருஷம், தீபாவளிக்கு முதலாளி ஒரு திட்டம் போட்டார். இன்ன தொகைக்கு மேல் சாமான் வாங்கினால் எவர்சில்வர் குடம் இலவசம். பளபளவென்று வாசலில் அடுக்கி வைத்ததில் கடைக்குள் கூட்டம் தாங்கவில்லை. தேவைக்கு மேல் இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு, குடம் சும்மா கிடைத்தது என்று சந்தோஷமாகப் போனார்கள். அந்த அம்மா வந்தார், வழக்கம்போல ஒன்பது சாமான்களைச் சொல்லி முடித்தார். போகும்போது குடத்தின் முன்னால் நின்றார். குனிந்து அதன் கழுத்தைத் தொட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "எடுத்துக்குங்கம்மா. என் சம்பளத்துல புடிச்சுக்கச் சொல்றேன்" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஆசையில்லன்னு நெனச்சுட்டீங்களா தம்பி? என் கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்த பித்தளைக் கொடம், இவள ஒம்பதாவது சேக்கறப்ப விலைக்குப் போயிடுச்சு. இப்ப ப்ளாஸ்டிக்லதான் தண்ணி எடுக்கறேன். மாசா மாசம் இங்கேருந்து பஸ் ஸ்டாண்டு போறவரைக்கும் திரும்பியே பாக்கமாட்டேன். பாத்தா வந்துடுவேன். இன்னைக்கு நீங்க சும்மா குடுத்தா, அடுத்த மாசம் எம் மனசு கைய நீட்டும். அவ பன்னெண்டாவது பாஸ் பண்ணட்டும். காசு குடுத்தே வாங்கிக்கறேன்."

மூன்று வருஷமாக அவரை நான் ஆசையே இல்லாத மனுஷி என்று நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவரைப் பார்த்துப் பிரமிப்பது சுலபம். எல்லாருக்கும் இருக்கிற அத்தனை ஆசையும் அவருக்கும் இருந்தது. அதை இடுப்பில் சுமந்துகொண்டுதான் மாதா மாதம் எங்கள் கடைக்குள் வந்து போயிருக்கிறார். அன்றைக்கு அவர் தெருவைக் கடப்பதை வாசலில் நின்று பார்த்தேன். சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை.

ரிசல்ட் வந்த வாரத்தில், பால் பணம் வாங்கும் நாளே இல்லாத ஒரு நாளில் அவர் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பாஸாயிட்டா தம்பி. எங்கூருலயே பொண்ணுல மொத ஆளு அவதான். காலேஜு படிக்கணுங்கறா."

அவருக்காகவே ஒரு குடத்தை விற்காமல் பரணில் வைத்திருந்தேன். இறக்கித் துடைத்துக் கையில் கொடுத்தேன். விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். இடுப்பில் வைத்துப் பார்த்தார். வெட்கத்தோடு சிரித்தார். விலை கேட்டார். முதலாளியிடம் முன்பே பேசி வைத்திருந்த அடக்க விலையைச் சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை வெளியே எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். எதிரே ஸ்டாண்டில் ஒரு பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அது போகும் வரை பார்த்தார். பிறகு குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, சத்தம் வராமல் மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இங்கேருந்து திருச்சிக்கு பஸ்ஸு எவ்வளவுங்க?"