பென்சில் மேல் மை

“மாணவர்களிடம் சொந்தமாகச் சிந்தித்து எழுதும் ஆற்றலை வளர்ப்பதில் தனித்திறன் மிக்கவர். இவரிடம் பயிலும் பிள்ளைகள் தம் மனத்தில் பட்டதைத் தங்கு தடையின்றி எழுதுகின்றனர்.”

1968ஆம் ஆண்டு, ஒன்றியத்தின் சிறந்த ஆசிரியருக்கான சான்றிதழுக்குப் போன பரிந்துரையில் விருத்தகிரி வாத்தியாரைப் பற்றி இப்படித்தான் இருந்தது. எழுதியவர் விருத்தகிரி வாத்தியார். தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் போட்டார்.

அந்தக் கையெழுத்து காய்ந்துகொண்டிருந்த சனிக்கிழமை மத்தியானம் அவர் ஐந்தாம் வகுப்பில் தனியாக உட்கார்ந்து, முப்பத்தெட்டுக் கட்டுரை நோட்டுகளிலும் ‘எங்கள் ஊர்’ என்ற கட்டுரையைப் பென்சிலால் மெலிசாக எழுதிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பிள்ளைகள் அதன் மேல் பேனாவை ஓட்டுவார்கள். மை காய்ந்ததும் அவர் ரப்பரால் பென்சிலை அழித்து, மீசையில் ஒட்டிய ரப்பர்த் தூளைத் தட்டிவிட்டுக்கொள்வார். அந்த வாரத்துக்கு எழுத்துப் பயிற்சி முடிந்தது.

எல்லா நோட்டும் ஒரே கையாக இருந்தால் பார்க்கிறவர் சந்தேகப்படுவார். அதனால் பச்சமுத்துவுக்குச் சாய்த்து எழுதுவார். அர்ச்சுனனுக்குக் குண்டு குண்டாக. நோட்டுக்கு நான்கு பிழைகள், இடம் மாற்றி மாற்றி வைப்பார். பிறகு சிவப்பு மையால் தாமே அவற்றைத் திருத்தி, ஓரத்தில் ‘கவனம் தேவை’ என்று கண்டிப்பார். தம்மைத் தாமே இத்தனை கண்டித்துக்கொண்ட இன்னொரு மனிதரை விருத்தாசலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதென்றால் இதில் பாதி உழைப்புப் போதும். ஆனால் அவர் உழைப்புக்கு அஞ்சுகிறவர் அல்ல.

பக்கத்து வகுப்புத் தங்கம்மாள் டீச்சர் ஒரு தடவை கேட்டே விட்டார்.

“பசங்களையே எழுத விட்டா என்னங்க சார்?”

“அதுங்க தப்புத் தப்பா எழுதும் டீச்சர்.”

“நீங்களும் தப்போடதானே எழுதுறீங்க?”

“நான் எழுதினா எந்தத் தப்பு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அதுங்க எழுதினா நான் தேடணும் இல்ல?”

சொந்தமாக ஒரு வரி எழுதுவது அவருக்கு வெறும் காலோடு சூளைக்குள் இறங்குவது மாதிரி. மாமனாருக்குக் கடிதம் போட்டாலும் கடிதப் புத்தகத்தைப் பார்த்துத்தான் போடுவார். மைத்துனன் கலியாணத்துக்குத் தபாலாபீசில் அச்சடித்துத் தொங்கவிட்டிருந்த வாழ்த்துகளில் ஒரு நம்பரைச் சொல்லித் தந்தி அடித்தார். ‘எங்கள் ஊர்’ கட்டுரையும் அவர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது யாரோ கரும்பலகையில் எழுதிப்போட்டதுதான். வந்து சேர்ந்த ஊருக்கேற்ப, ‘பீங்கான் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் விண்ணை முட்டி நிற்கின்றன’ என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார். வகுப்பின் சன்னலில் இரண்டு புகைபோக்கிகள் தெரியும். பக்கத்துப் பனைமரங்களைவிடக் குட்டை.

திங்கட்கிழமை நோட்டுகளைத் திரும்ப வாங்கி அழித்துக்கொண்டு வந்தவர், திரௌபதியின் நோட்டில் நின்றார். பென்சில் மேல் ஒழுங்காகத்தான் மை ஓட்டியிருந்தாள். எதிர்ப்பக்கத்தில்தான் வினை. அங்கே பென்சில் இல்லாத வெற்றுத்தாளில் மையால் இப்படி இருந்தது:

“எங்க அம்மா பீங்கான் கம்பெனியில் கப்புக்குக் காது ஒட்டுது. ஒரு நாளைக்கு முன்னூறு காது. கோணலா இருந்தா மேஸ்திரி பிச்சி எறிவாரு. அம்மா வெரல் எல்லாம் வெள்ளை. வூட்டுக்கு வந்து எனக்குத் தலை பின்னும்போது என் காதைப் பிடிச்சி சரியா ஒட்டியிருக்குதான்னு பாக்கும்.”

“யார் சொல்லி இதை எழுதினே?”

“யாரும் சொல்லல சார். எல்லாத்தையும் முடிச்சிட்டேன். மை மிச்சம் இருந்திச்சி.”

மறுநாள் துணை ஆய்வாளர் ஜெயராஜ் வருகிறார். அவர் பார்த்து எழுதும் குறிப்பில்தான் சான்றிதழ் இருக்கிறது. தாளைக் கிழிக்கலாமென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணும் பள்ளி முத்திரையும் குத்தி வைத்தவர் அவரேதான். பிள்ளைகள் தாள் கிழிக்கக் கூடாதென்று செய்த ஏற்பாடு.

ஆளனுப்பி, திரௌபதியின் தாய் காசியம்மாளை வரவழைத்தார். முழங்கை வரை களிமண் காய்ந்து வெளுத்திருக்க, அவள் கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்தாள்.

“ஒம் பொண்ணு என்னா எழுதி வச்சிருக்குது பாரு.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. நீங்களே படிங்க சார்.”

குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரலில் படித்தார். காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

“இன்னொரு வாட்டி படிங்க சார்.”

எதற்கென்று புரியாமலே இன்னொரு தரம் படித்தார்.

“இதுல என்னா சார் தப்பு? அத்தினியும் நெசந்தானே?”

“நெசமா இருந்தா எழுதிடுறதா? மேஸ்திரி பிச்சி எறியறாராம். அம்மாவ ‘ஒட்டுது’ன்னு எழுதியிருக்குது. மருவாதி வேணாம்? நாளைக்கு இன்ஸ்பெக்டர் பாத்தாருன்னா என் பதினேழு வருஷ சர்வீஸு என்னா ஆவறது?”

“அப்ப அந்தத் தாள எங்கிட்டக் குடுத்துடுங்க சார். வூட்டுல வச்சிக்கறேன்.”

“நம்பர் போட்ட தாளு. குடுக்க முடியாது. நாளைக்குப் பொண்ண அனுப்பாத. ஜுரம்னு சொல்லிக்கறேன்.”

“நல்லா இருக்கற புள்ளைக்கா?” என்றாள் காசியம்மாள். போகும்போது நோட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

நோட்டு அடுக்கின் அடியில் போனது. ஜெயராஜுக்கோ அடியிலிருந்து உருவுகிற பழக்கம். மேலே இருப்பதெல்லாம் யாருக்காக அடுக்கியிருக்கிறது என்று தெரியாமலா அவர் அந்த வேலைக்கு வந்தார்? விண்ணை முட்டும் புகைபோக்கியில் கொட்டாவி விட்டவர், எதிர்ப்பக்கத்துக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எழுதின பொண்ணு எங்க?”

“ஜுரங்க சார்.”

“இது அவளா எழுதினதா?”

விருத்தகிரி வாத்தியார் அதிகாரியின் முகத்தைப் படித்தார். அந்தப் படிப்பில் அவர் கெட்டிக்காரர். “நான்தாங்க சார் ஊக்கம் கொடுத்து எழுத வச்சேன். மனசுல பட்டத எழுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்.”

“நல்ல காரியம் செஞ்சீங்க. வகுப்பு பூரா இப்படி வரட்டும். அவங்கவங்க அம்மா என்ன வேலை செய்யறாங்க, எப்படி இருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரும் எழுதட்டும். பதினஞ்சு நாள் கழிச்சு வந்து பாத்துட்டு உங்க சான்றிதழுக்கு எழுதறேன். இந்த நோட்டைப் பத்திரமா வையுங்க.”

நோட்டை வாத்தியார் பீரோவில் வைத்துப் பூட்டினார். திரௌபதிக்குப் புது நோட்டு கிடைத்தது. காசியம்மாள் ஒரு மாலை வந்து, “அந்தத் தாளு” என்று ஆரம்பித்தாள். “அது இப்ப ஆபீஸ் ரிக்கார்டு” என்று அனுப்பிவிட்டார்.

இவ்வளவு வந்த பிறகு, முறைப்படியே செய்துபார்க்கலாமென்று ஒரு காலைப் பொழுது அவருக்கும் தோன்றியது உண்மை. பிரம்பை மேசையில் வைத்துவிட்டுப் பச்சமுத்துவை எழுப்பினார்.

“ஒங்கம்மா என்னாடா பண்ணுது?”

“பெண்ணாடத்துக்குக் கரும்பு வெட்டப் போயிருக்குது சார். வந்தா எங்கப்பாவ அடிக்கும்.”

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. அர்ச்சுனனைக் கேட்டார்.

“எங்கம்மா செத்துப்போச்சு சார். அதோட பொடவ இருக்குது. அதப் பத்தி எழுதட்டுங்களா?”

இன்னும் முப்பத்தாறு பேர் இருந்தார்கள். யாரிடமிருந்து என்ன வரும் என்று யார் கண்டது? அவர் எல்லோரையும் கைகட்டி உட்காரச் சொல்லிவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் பீரோவைத் திறந்து, திரௌபதியின் பழைய நோட்டைப் பார்த்து எழுத உட்கார்ந்தார். மேஸ்திரியை நீக்கினார். ‘காது’ என்றிருந்ததைக் ‘கைப்பிடி’ என்று மாற்றினார். ‘ஒட்டுது’ என்றிருந்ததை ‘அன்புடன் ஒட்டுகிறார்’ என்றாக்கினார். என் தாயார் பீங்கான் தொழிற்சாலையில் நாள்தோறும் முந்நூறு கைப்பிடிகளை அன்புடன் ஒட்டுகிறார் என்று, பச்சமுத்துவின் நோட்டில் சாய்த்தும் அர்ச்சுனனின் நோட்டில் குண்டு குண்டாகவும், முப்பத்தெட்டு நோட்டுகளிலும் பென்சிலால் எழுதினார். திரௌபதியின் புது நோட்டிலும் நான்கு பிழைகளோடு எழுதினார்.