கத்தரிக்கோல் தட்டு

கட்டுமானத் துறையில் பெண்களின் பங்கைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்படி சுற்றறிக்கை வந்தது. ஈப்போவில் எங்கள் பள்ளிக்குச் சுற்றறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. கூடவே வந்த சுவரொட்டியில் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் வரைபடம், தலைகீழாக. பொறியியல் வரைகலை நடத்துகிறவள் நான். அதை ஒட்டக் கூசி, அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

நிஜப் பெண் ஒருவரையே காட்டலாம் என்று நினைத்தேன். பீடோர் பக்கம், ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை நட்ட ஒரு பழைய தோட்டத்தில் புது மண்டபத்துக்குத் திறப்பு விழா. அதன் பொறியாளர் ஒரு பெண். என் வகுப்பில் கோடு பிசகாமல் வரைகிற மாணவி ஒருத்தி இருந்தாள். மேற்படிப்பு விண்ணப்பப் பாரத்தில் கட்டடப் பொறியியல் எழுதுவதா, அப்பா சொல்லும் நர்சிங் எழுதுவதா என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அக்காவப் பாத்துட்டு எழுதுறேன் டீச்சர்" என்றாள்.

மண்டபக் குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். "தாராளமா கூட்டிட்டு வாங்க டீச்சர். பன்னீர் தெளிக்க நாலு பொம்பளப் புள்ளைங்கள மட்டும் சேலை கட்டி அனுப்புங்க லா" என்றார். சரி என்று அவளையும் சேர்த்து நால்வரைச் சேலை கட்டச் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

ஆக, மேடையை மறைக்கும் தூண் இல்லாமல் அவ்வளவு நீள உத்தரத்தை எப்படி நிறுத்தினார் என்று பொறியாளர் உள்ளே விளக்கியபோது, கேட்க வேண்டியவள் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றாள். உள்ளே இருந்த பையன்கள் கைப்பேசியில் பந்து விளையாட்டுப் பார்த்தார்கள்.

பிறகு ஒய்பி வந்தார், தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நிற்க ஒரு பெண் வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது எழுதாத சட்டம். தலைவர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பொறியாளரிடம் போனார். "அக்கா, கொஞ்சம் பிடிங்க லா. நீங்கதான் பட்டுச் சேலைல இருக்கீங்க."

பொறியாளர் தட்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்து நன்றியுரை என்ற பெயரில் ஒரு கூத்து. கூடாரக்காரர், லோரிக்காரர், மைக்செட்காரர், ஒருவரையும் விடவில்லை. "மேடைக்கு முன்னுக்கு ஒரு தூண் இருக்கா பாருங்க! எல்லாம் நம்ம பசங்களோட மூளை!" என்றார் தலைவர். பலத்த கைதட்டல். தலைக்கு மேல் கூரை யார் தயவில் நிற்கிறது என்று அத்தனை மூளைகளில் ஒன்றுக்காவது உறைத்ததா? பெண்களுக்கும் நன்றி சொன்னார், சாம்பாருக்காக. இவர்களுக்கு மண்டபம் ஒரு கேடா!

திரும்பும் பஸ்ஸில் அந்த மாணவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ்ளோ படிச்சும் தட்டுதான் பிடிக்கணுமா டீச்சர்?"

"அந்த ஆளுக்கு அறிவு அவ்வளவுதான். விடு."

"அப்ப நீங்க ஏன் எங்கள சேலை கட்டச் சொன்னீங்க?"

பஸ் தாப்பா ஊரைத் தாண்டும்போது எழுந்து, ஏற்கனவே எண்ணிய பிள்ளைகளை மறுபடி எண்ணினேன்.

திங்கட்கிழமை பாரத்தை நீட்டினாள். நர்சிங் என்று எழுதியிருந்தது. வழக்கம்போல அச்சடித்தது மாதிரி நேரான எழுத்து. வகுப்பாசிரியர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதே பேனாவால் சுற்றறிக்கைக்கான பதிலில், "பாடம் நடத்தப்பட்டது" என்று எழுதினேன். பொய்யில்லை. அவள் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள்.