அத்திபெலேயில் அடைத்த ரேடியேட்டர்

என் முன்பல் இரண்டும் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் போகவில்லை. பல் டாக்டரிடம் அப்படித்தான் சொன்னேன். வேறென்ன சொல்ல? உங்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் இருட்டுகிற நேரத்தில் அத்திபெலே சர்வீஸ் ரோட்டில் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

போன டிசம்பர். ஓசூரில் ஒரு ஞானஸ்நானம் முடிந்து, நானும் என் மகன் க்ளெனும் பொம்மனஹள்ளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் செகண்ட் ஹாண்ட். வாங்கி ஒரு வாரம்தான். அத்திபெலே தாண்டும்போது பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி.

"என்னடா, உள்ள பிரியாணிக்கு தம் போட்டிருக்கியா?"

"சும்மா இரும்மா. ரேடியேட்டர் ஒழுகுது."

பூட்டிக் கிடந்த ஒரு குடோன் பக்கம் ஓரங்கட்டினான். சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு பானட்டைத் தூக்கிப் பார்த்தால், ரேடியேட்டரின் மேல்தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

"மெக்கானிக்கைக் கூப்பிடேன்டா."

"சண்டேல எவன் வருவான்? டேஷ்போர்டுல பழைய ஓனர் விட்டுட்டுப்போன எபாக்ஸி பசை கிடக்குது. அடைச்சிட்டு மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிடலாம்."

பாக்கெட்டில் பாதிதான் இருந்தது. மீதியை யாரோ எடுத்திருந்தார்கள்.

அவன் வெடிப்பை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தான். பிசைகிற வேலை எனக்கு. கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து, சாம்பல் நிறமாகும்வரை பிசைந்தேன்.

என் வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். பைப் ஒழுகினால் அதைத் திட்டிக்கொண்டேதான் அடைப்பார். திட்டினால்தான் நிற்கும் என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பசையை வெடிப்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

"மூடு... வாயை மூடு சனியனே. மூச்சு வெளிய வரக்கூடாது."

க்ளென் சிரித்தான். "ரேடியேட்டரே பயந்திருக்கும்மா."

அப்போது மணி ஆறு இருபது. இன்ஜின் ஓடவில்லை. சாவி என் கைப்பையில்.

ம்ம்ம்...

"நீயாடா?"

"என்ன நானா?"

ம்ம்ம்... ம்ம்ம்...

வாயைக் கட்டிப்போட்ட ஆள் முனகுவது போல. பசைக்கு அடியிலிருந்து.

பசை மெல்ல உப்பியது. உள்ளே அமுங்கியது. மறுபடி உப்பியது.

"உள்ள காத்து அடைச்சு நிக்குதும்மா. இரு பாக்கறேன்." க்ளென் தலையை உள்ளே விட்டுக் குனிந்தான்.

பானட் விழுந்தது.

டமார்!

அவன் பிடரியில். தானாக எழுந்தது. மறுபடி விழுந்தது. டமார்! பேட்டரி மேல் இரத்தம் தெறித்தது. அவன் கால்கள் தரையைப் பிறாண்டின.

கத்த வாய் திறந்தேன். ஒரு கை என் வாயைப் பொத்தியது. ஈரக் கை. ஆள் தெரியவில்லை. மூக்கையும் சேர்த்து அழுத்தியது. என் முகத்தை அப்படியே காரின் முன்கம்பியில் மோதியது. இன்னொரு தடவை. பல் உடைந்து தொண்டைக்குள் போனது.

மூச்சு இல்லை.

டமார்!

க்ளென் கால்கள் நின்றுவிட்டன.

ம்ம்ம்... ம்ம்ம்ம்...

பசை. அந்தப் பசைதான்...

பானட்டுக்கு அடியில் இருந்த இடுக்கில் கையை விட்டேன். பானட் முழங்கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. விடவில்லை. பிறாண்டினேன்.

பிய்த்தேன்.

ஹா...ஆ...

யாரோ நீளமாக மூச்சு இழுத்தார்கள். என் காதோரத்தில்.

பிடி விட்டது.

"அம்மா..."

க்ளென் குரல். ஒரு லாரிக்காரர்தான் எங்கள் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மகன் பிழைத்தான். கழுத்து மட்டும் இன்னும் இடப்பக்கம் திரும்பாது.

கட்டோடு வீடு திரும்பிய பிறகு, இழுத்துவந்து வாசலில் போட்டிருந்த வண்டியைப் பார்க்க மெக்கானிக் உத்தமனை வரச்சொன்னேன். வண்டியின் நம்பரைப் பார்த்ததுமே சாவியை என்னிடம் திருப்பி நீட்டினான்.

"ஆன்ட்டி, எவன் இதை உங்க தலையில கட்டினான்? டாக்சியா ஓடின வண்டி இது. டிரைவரை அத்திபெலேல வெச்சு முடிச்சிட்டாங்க."

"எப்படிப்பா?"

"பானட்டால கழுத்துலயே அடிச்சிருக்காங்க. அப்படியும் சாகலை. கத்திக்கிட்டே இருந்திருக்கான். வாயிலயும் மூக்குலயும் எபாக்ஸியை வெச்சு அடைச்சிட்டாங்க."

"யாரு?"

"சவாரி வந்தவங்க. ரெண்டு பசங்க சிக்கிட்டாங்க. அடைச்சது நாங்க இல்லைன்றானுங்க. கூட ஒரு கிழவி வந்தாளாம். அவதான் பிசைஞ்சு அழுத்தினாளாம். அவ மட்டும் இன்னும் கிடைக்கலை."

இதைச் சொல்லும்போது உத்தமன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் நகக்கண்ணில், எவ்வளவு சுரண்டியும் போகாமல் இறுகிக் கிடந்த சாம்பல் நிறப் பசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.