கடைசியில் எழுதிய கம்ப்யூட்டர் சயன்ஸ்

பிளஸ் ஒன் விண்ணப்பம் போடும் வாரத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் எந்தக் கம்ப்யூட்டர் சென்டரிலும் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெரிசலில் முண்டியடித்து என் மகளுக்கு நான்தான் விண்ணப்பம் போட்டேன். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவள். கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் படிப்பேன் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லி என் காதைப் புளிக்க வைத்தவள். சென்டர் நடத்தும் பெண் ஒரு தாளைக் கொடுத்து, எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று ஏழு விருப்பங்களை வரிசையாக எழுதித் தரச் சொன்னாள்.

வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பெண்கள் பள்ளியில் ஹியூமானிடீஸ், அதை முதலில் எழுதினேன். அடுத்து அங்கேயே காமர்ஸ். போட் ஏறி எர்ணாகுளம் போக வேண்டிய பள்ளியின் கம்ப்யூட்டர் சயன்ஸைக் கடைசியில், ஏழாவதாக எழுதினேன். மூத்தவனுக்கு இரண்டு வருடம் முன்பு அதே கம்ப்யூட்டர் சயன்ஸை முதலில் எழுதினேன். அவன் மார்க்குக்கு அது கிடைக்காமல், இரண்டு மாதம் சீட் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அதனால் இந்த முறை நிச்சயம் கிடைப்பதை மேலே போட்டு, கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பதைக் கீழே தள்ளினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு. மகள் பக்கத்தில்தான் நின்றாள். தாளைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

உண்மையான அலாட்மென்டுக்கு முன்னால் சோதனைக்கு ஒன்று போடுவார்கள். இப்படியே விட்டால் என்ன கிடைக்கும் என்று அதில் தெரிந்துவிடும். திருத்த வேண்டியவர்கள் திருத்திக்கொள்ளலாம். அதற்கான கடைசி நாள் மத்தியானம்தான் எனக்கு ஒழிந்தது. தனியாகப் போனேன். முதல் விருப்பமே கிடைத்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. சென்டர் பெண்தான் திரையை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சேச்சி, மேல எழுதினது கிட்டினா கீழ உள்ளது எல்லாம் கேன்சல் ஆகும். பின்ன நோக்கவே மாட்டாங்க. மோளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாமோ?"

ஹியூமானிடீஸ் ஒன்றும் மோசமான படிப்பு இல்லை. அவள் கேட்ட படிப்பு இல்லை, அவ்வளவுதான். "மாத்து, மாத்து" என்று கத்தினேன். மாற்ற ஐந்து மணி வரை நேரம் இருந்தது. பார்ப்பதற்கு விண்ணப்ப நம்பர் போதும், மாற்றுவதற்குப் பாஸ்வேர்டு வேண்டும், அதுதான் இல்லை. எழுதி வைத்த தாள் எங்கே போனதோ. புதிதாக வாங்க வேண்டுமென்றால் ஓடிபி வரும், அதுவும் என் வீட்டுக்காரர் போனுக்கு வரும். எங்கள் வீட்டில் எந்தப் படிவத்திலும் அவர் நம்பர்தான். அவரோ கார்ப்பரேஷன் வேலையாக எர்ணாகுளம் மார்க்கெட்டில் குப்பை வண்டியோடு நிற்கிறார், போன் பையில் கிடக்கிறது. அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே விடாமல் போன் அடித்தேன். நாலரைக்கு எடுத்தார்.

"என்னடீ, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. போன்ல வந்திருக்கிற நம்பர மொதல்ல சொல்லுங்க!"

சொன்னார். ஏழாவது முதலாவதாக ஆனபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே வந்து ஒரு சாயா குடித்தேன்.

முதல் அலாட்மென்ட் வந்தது. எர்ணாகுளம், கம்ப்யூட்டர் சயன்ஸ். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நிம்மதி எனக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தச் சந்தோஷத்தில் மகளிடம் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

"நல்லவேளை, அந்தப் பொண்ணு சொன்னா. மேல எழுதினது கிடைச்சா கீழ உள்ளது போயிரும்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி."

"எனக்குத் தெரியுமே. ஸ்கூல்ல டீச்சர் பறஞ்சு தந்தாங்க."

"பின்ன ஏண்டி அன்னைக்கு வாயத் தொறக்கல?"

"அண்ணனுக்குக் கம்ப்யூட்டர மேல எழுதினேல்ல. எனக்குக் கீழ எழுதினே. நீ தெரியாம எழுதினதா எனக்குத் தோணலம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. போனில் இருந்த அலாட்மென்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போட் பிடித்து அக்கரைக்குப் போய் வர வேண்டும், சாயங்காலம் இருட்டிவிடும், பெண் பிள்ளை என்று அந்தத் தாளை எழுதும்போது நினைத்தது உண்மை. மகனுக்கு எழுதியபோது போட் என் நினைவுக்கே வரவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். "அதான் மாத்தியாச்சே, விடும்மா" என்றாள்.

அன்றைக்கு ஐந்து மணி தாண்டியிருந்தால் அவள் அந்தப் பெண்கள் பள்ளிக்கு மறு பேச்சில்லாமல் போயிருப்பாள். நானும் அவளுக்கு நல்லதைத்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.