தம்பி பிறக்கும் நாற்பது விநாடி

குளிர்காலத்தில் காலை எட்டரைக்கும் விடியாத ஊர் இது, நார்வேயின் பெர்கன். ஜன்னலில் மழை வழிய, அலுவலகத்தில் ஒரு கட்டளை தட்டுகிறேன். திரைக்குள் என் தம்பி சகாயம் பிறக்கிறான். நாற்பது விநாடியில் இல்லாமல் போகிறான். பில்ட் ஸ்கிரிப்ட் என்று ஒன்று உண்டு. நாங்கள் எழுதும் மென்பொருளைக் கட்டிச் சோதித்துப் பார்க்கும் கட்டளை வரிசை. அதற்குள்ளேயே ஒரு சின்ன டேட்டாபேஸை எழுப்பும்படி அமைத்தவன் நான். தனி சர்வர் கிடையாது, கணினி வட்டில் எதுவும் எழுதாது. அட்டவணை முளைக்கும், சோதனைக்கென்று பத்துப் பேர் அதில் குடியேறுவார்கள், சோதனை முடிந்ததும் குடியோடு அழிந்துவிடும்.

அந்தப் பத்துப் பேருக்கு இங்குள்ளவர்கள் டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று பெயர் வைப்பார்கள். தொண்ணூறுகளில் திண்டுக்கல் கம்ப்யூட்டர் சென்டரில் படித்த எங்களுக்கு அது வராது, சொந்தபந்தத்தைத்தான் ஏற்றுவோம். ஏப்ரலில் சகாயத்தை ஏற்றினேன்: பிறந்த தேதி, ஊர், தொழில் ஜீப் ஓட்டுநர். தேதியை வைத்து நிரல் வயதைச் சொல்ல வேண்டும். வரவேண்டிய விடை இருபத்தொன்பது என்று, வயது நகராததுபோல, எழுதிவைத்தேன். போனில் சொன்னதும் சிரித்தான்.

"தெனமும் பெத்துப் பெத்துக் கொல்றியாண்ணே? அம்புட்டுக் கோவமா எம்மேல?"

"நாப்பது செகண்டு இருப்பேல்ல?"

"பத்தாதுண்ணே. சிறுமலை ஏறி எறங்கவே ரெண்டு மணி நேரமாவும்."

ஆகஸ்டில், அதே மலைச்சாலையில், வாழைத்தார் ஏற்றிய ஜீப்போடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். நான் ஊர் போவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. திரும்பி வந்தும் அவன் வரியை நான் எடுக்கவில்லை.

டிசம்பரில் ஒரு காலை சோதனை தோற்றுத் திரை சிவந்தது. எதிர்பார்த்தது இருபத்தொன்பது, வந்தது முப்பது. செத்தவனுக்கு இரவோடு இரவாக ஒரு வயது கூடியிருந்தது. பக்கத்து மேசை இங்ரிட் எட்டிப் பார்த்தாள்.

"யார் இவர்?"

"என் தம்பி."

"இன்று பிறந்தநாளா! கிராட்டுலேரர்!"

இங்கே கூடப் பிறந்தவருக்கும் வாழ்த்துச் சொல்வார்கள். பிறந்தநாளுக்கு வைக்கும் சின்ன நார்வேக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் நட்டாள். "முப்பது என்று மாற்றிவிடு, சோதனை தேறட்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறோம்." நன்றி என்றேன்.

அந்நேரம் பார்த்து அம்மா போனில் வந்தாள்.

"காலைல சர்ச்சுல அவன் பேருக்குப் பூசை குடுத்துட்டு வந்தேன் அப்பு. நீ அங்க என்ன செஞ்ச?"

"கொடி வச்சிருக்காங்கம்மா."

"இருக்கட்டும், எடுத்துறாத" என்றாள்.

முப்பது என்று எழுத விரல் வரவில்லை. அவன் தொடாத வயது அது. வரியை அழித்தாலோ, இந்த முறை மண் போடுகிறவன் நானே. கடைசியில் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன்: சோதனைக்கு மட்டும், இன்று என்பது என்றைக்கும் அவனை ஏற்றிய அந்த ஏப்ரல் நாள். திரை பச்சையானது. இங்ரிட் கைதட்டினாள்.

திண்டுக்கல்லில் அம்மா காலைதோறும் நாட்காட்டித் தாளைக் கிழிக்கிறாள். இங்கே, விடியாத இருட்டில், நான் அந்த ஏப்ரல் தாளைத் திரும்ப ஒட்டுகிறேன். நாற்பது விநாடி. ஜீப் இன்னும் மலையேறவில்லை.