எண் போட்ட கல்

படிப்பக நண்பர்களுக்கு,

இன்று காலை எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு பஸ்ஸில் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே சிறுகோள் ஒன்றைப் பற்றி நான் பேசுவதாக அறிவித்திருந்தீர்கள். பேச்சை ரத்துசெய்யக் கேட்டு நான் எழுதிய கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அந்தச் சிறுகோள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சின்னப் பாறை, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கேட்க யார் வருவார்கள்?

மடியில் அதன் நீள்வட்டப் பாதையை வரைந்த தாள். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒருவர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, முட்ட வரைஞ்சுகினு கீறே?"

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"அங்க மன்சன் கீறானா?"

"இல்லை. வெறும் கல். ஒரு சுற்று வர மூன்று வருஷத்துக்கு மேலாகும்."

"அதுக்குப் பேரு?"

"எண் கொடுத்திருக்கிறார்கள்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப கவலய வுடு. நம்பர் போட்ட சரக்கு எந்த மூலைல கெடந்தாலும், தேடிகினு ஒர்த்தன் வருவான். ஞாயித்துக்கெழம நானும் வரேன்."

பாதை உறுதியாகி, எப்போது தேடினாலும் கிடைக்கும் என்றான பிறகே சிறுகோளுக்கு எண் தருவார்கள். எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அவர் சொன்னபோதுதான் நம்பினேன்.

அவர் இறங்கிய பிறகு கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வானத்துக்கும் அப்பால், வெயிலில், அந்தக் கல் சத்தமில்லாமல் புரண்டுகொண்டிருந்தது.

கடிதத்தின் பின்புறத்தில் பேச்சுக்கான குறிப்புகளை எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்; வருகிறவர்கள் இந்தத் தாளின் கீழே பெயர் எழுதுங்கள். பென்சில் நூலில் தொங்குகிறது.

அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். முதல் வரியில் '1' என்று மட்டும் போட்டிருக்கிறேன்.