கால் டேங்க் பெட்ரோலும் பாண்டியம்மாள் டீச்சரும்

முதலில் வந்தது சாவுச் செய்தி அல்ல. காய்ச்சலுக்கு லீவு போட்டுவிட்டுப் போடியில் வீட்டில் படுத்திருந்தேன். மதியம் முருகேசன் போன் செய்தார். "டீச்சருக்கு நெஞ்சுவலி. போடி மெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. கம்பம் வழியா சுத்தித்தான் எறங்கணும். பெட்ரோல் பத்தாது மாப்ளே." சாயங்காலம் மறுபடி போன் வந்தது. அதில் அவர் அழுதார்.

பாண்டியம்மாள் டீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்ற ஊர்க்காரர். மலைமேல் ஏலத்தோட்டப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவரும் முருகேசனும் நானும் தினக்கூலி வாத்தியார்கள். போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. பஸ்சை நம்பினால் முதல் பெல்லுக்குப் போய்ச் சேர முடியாது என்பதால் டீச்சரின் பழைய காரில் போவோம். பெட்ரோல் செலவை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வோம். அது தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்கு. டீச்சருக்கோ கணவர் இல்லை, மகள் நர்சிங் படிக்கிறாள்.

பங்க்கில் காரை நிறுத்தியதும் இறங்கிப்போய் மீட்டர் முன்னால் நின்றுகொள்வார். "ஐநூறுக்குப் போடுன்னு சொல்லாதீங்க சார், லிட்டர் சொல்லுங்க. ஐநூறும் ஆயிரமும் அவுங்க கைக்குப் பழகுன நம்பரு" என்பார். பூஜ்யம் வராமல் குழாயைத் தொடவிட மாட்டார். "ஏன் டீச்சர், இப்படி மொறைச்சுப் பாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப அவரைக்கூட இப்படிப் பாத்ததில்ல சார்" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

மேலே கேரளாவில் பெட்ரோல் விலை கூடுதல். அதனால் போடியிலேயே போட வேண்டும், அதுவும் கால் டேங்குக்கு மேல் கூடாது. "வெயிட்டத் தூக்கிட்டு மலை ஏறுனா அந்த வெயிட்டுக்கும் சேத்துல்ல குடிக்கும்?" ஏறுவதற்கு மட்டும்தான் அவரிடம் கணக்கு. திரும்பும்போது இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரில் கால் படாமல் வளைவு வளைவாக இறக்கிவிடுவார். நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களைக் கண்டால் கோபம் வரும். "எறங்குறதுக்கு மலை காசு கேக்காது. அதுக்காக உசுரக் குடுக்கணுமா?" என்பார்.

பங்குனி வெயிலில் ஏசி போடச் சொல்லிக் கெஞ்சினேன். "அடிவாரத்துல முந்தல் தாண்டட்டும், மலையே ஏசி போடும்" என்று ஒரு பிளாஸ்டிக் விசிறியை எடுத்து நீட்டினார். அந்த விசிறி இப்போதும் காரில்தான் கிடக்கிறது.

அன்று நடந்ததை முருகேசன் சொல்லித்தான் அறிந்தேன். மேலே இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் உடனே தேனிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் மண்சரிவைத் தாண்டி ஏற முடியாமல் போடிப் பக்கம் நின்றது. காலையில் வந்த ஜீப்புகள், மழையில் தோட்டச் சோலி நடக்காது என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு மண் சரிவதற்கு முன்னமே இறங்கிவிட்டன. முருகேசன் காரை எடுத்தார். வழியில் இருந்த பங்க்கில் கரண்ட் இல்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் கார் நின்றுவிட்டது. பைக்கில் வந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், தன் வண்டியிலிருந்து டியூப் வைத்து வாயால் உறிஞ்சி, தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

டீச்சருக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. முருகேசன் ஏசியைப் போட்டார். பின் சீட்டில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறந்தார். "அமத்துங்க சார், பத்தாது." இறக்கம் தொடங்கும் கம்பம் மெட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள், ஒரு ஃபுல் டேங்க் போட்டிருக்கக் கூடாதா என்று. அவர்கள் யாரும் தினக்கூலிக்கு மலை ஏறுகிறவர்கள் இல்லை. எனக்கு அவர்கள்மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மகள் காரை எங்களிடமே விட்டிருக்கிறாள். மாதம் ஒரு தொகை வாடகையாகக் கொடுக்கிறோம். பெட்ரோல் செலவு இப்போது இரண்டு பங்கு. மறு திங்கட்கிழமை பங்க்கில், "ஃபுல்லாப் போட்ருவமா மாப்ளே?" என்று முருகேசன் கேட்டார். இரண்டு பேரும் பர்ஸைத் திறந்து பார்த்தோம்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். "அஞ்சு லிட்டர்" என்றேன். இறங்கிப்போய் மீட்டர் முன்னால் நின்றுகொண்டேன்.